தலைமை சர்வர் இல்லாமல் தாமே சேர்ந்து இயங்கும் கருவிகள்: இஎஸ்பி32, பை, விண்டோஸ், ஆண்ட்ராய்டு நான்கிலும் ஓட எதில் எழுதலாம்?

தென்பெண்ணை (ராயக்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எனக்கு ஒசூரில் பிஎல்சி (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவி) வேலை, வீட்டில் தக்காளி. அப்பா, பெரியப்பா, சித்தப்பா வீடுகள் எல்லாம் ஒரே கூட்டுக் கிணற்றில் இறைக்கிறோம். கிணற்றைச் சுற்றி நான்கு மோட்டார், நான்கு கொட்டகை, நான்கு தனித்தனி மின் சர்வீஸ். முறை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இரண்டு மோட்டார் சேர்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் மட்டம் இறங்கி ஃபுட்வால்வு காற்று வாங்கிவிடும்.

இப்போது ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் ஓர் இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு) வைத்திருக்கிறேன். வீட்டு மாடியில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, அதில் கருவிகளின் செய்திகளை வாங்கிப் பிரித்து அனுப்பும் எம்க்யூடிடி புரோக்கர். தக்காளி தரம் பிரிக்கும் கொட்டகையில் பழைய விண்டோஸ் கணினி. எல்லோர் கையிலும் ஆண்ட்ராய்டு. சிக்கல் என்னவென்றால், வீட்டு லைனில் கரண்ட் போனால் பை அணைந்துவிடும். தோட்டத்து லைனில் கரண்ட் இருந்தாலும் எதுவும் நடக்காது. ஒரே ஒரு பெட்டியை நம்பி எல்லாம் நிற்கிறது.

எனக்கு வேண்டியது: தலைமை என்று ஒன்று இருக்கக் கூடாது. எவை எவை உயிரோடு இருக்கின்றனவோ அவை ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்து வேலையைத் தொடர வேண்டும். நாளைக்கு ஐந்தாவது நோடு (கூட்டத்தில் ஒரு கருவி) சேர்த்தால் ஐபி முகவரி எதுவும் கையால் எழுதாமல் சேர வேண்டும். எர்லாங், லிப்-பி2பி, கான்சல், ஆக்கா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் என்றால் எதில் தொடங்குவீர்கள்?

நெடுமரம் (ஒசூர்)

தம்பி, எர்லாங்கில் தொடங்குங்கள். இதே வேலைக்காகப் பிறந்த மொழி அது. எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் 1986 வாக்கில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தொடங்கினார்கள். 1998-இல் திறமூலமாக வெளியானது. ஒரு பகுதி செத்தாலும் மற்றவை பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நோக்கம் மொழியின் அடியிலேயே இருக்கிறது. ஒரு புரோசஸ் விழுந்தால் அதைக் கவனிக்கிற சூப்பர்வைசர் தூக்கி நிறுத்தும். தூரத்து நோடு போய்விட்டால் உங்கள் நிரலுக்கு ஒரு செய்தியாக வந்து சேரும். இதை மற்ற மொழிகளில் நீங்களே கட்ட வேண்டும்.

எழுத்து வடிவம் பிடிக்கவில்லை என்றால் எலிக்ஸரில் எழுதுங்கள், அடியில் ஓடுவது எர்லாங் நிரலை ஓட்டும் அதே பீம் இயந்திரம்தான். பைக்கு நெர்வ்ஸ் என்ற கருவி இருக்கிறது, முழு ஃபர்ம்வேராகவே கட்டித் தரும். லிப்கிளஸ்டர் என்ற லைப்ரரியில் காசிப் முறையைத் தேர்ந்தெடுத்தால் மல்ட்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் சேர்த்து அனுப்புவது) வழியே நோடுகள் தாமே ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நெட் டிக் டைம் என்ற அமைப்பு இயல்பாக 60 நொடி. ஒரு நோடு சத்தமில்லாமல் போய்விட்டால் மற்றவர்களுக்குத் தெரிய 45 முதல் 75 நொடி ஆகும். உங்கள் வேலைக்கு அது நீளம், குறைத்துக்கொள்ளுங்கள்.

அதியன் (தருமபுரி)

அண்ணன் சொன்ன எர்லாங்கின் பலம் எல்லாம் உண்மை. ஆனால் கேள்வியிலேயே நான்கு தளம் இருக்கிறது. பையும் விண்டோஸும் சரி. ஆண்ட்ராய்டு கைபேசியை எர்லாங் நோடாகச் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, வெப்சாக்கெட் வழியாகத்தான் பேச வைக்க வேண்டும். எர்லாங் நோடுகள் இயல்பாக எல்லோரும் எல்லோரோடும் இணைப்பு வைத்துக்கொள்ளும். 10 நோடுக்கு 45 இணைப்பு, 50 நோடு என்றால் 1225. நாளைக்கு ஊர் முழுக்க இந்த ஏற்பாட்டைக் கேட்டால்? அதோடு, அந்த இணைப்புகள் இயல்பில் குறியாக்கம் இல்லாதவை. குக்கீ (நோடுகளுக்குப் பொதுவான ரகசியச் சொல்) தெரிந்தவர் உள்ளே வந்தால் எந்த நிரலையும் ஓட்டலாம். டிஎல்எஸ் குறியாக்கம் போடாமல் திறந்த வைஃபையில் விடாதீர்கள்.

என் கை போவது கோ மொழிக்கு. கூஸ், கோஆர்ச் என்ற இரண்டு மாறிகளை மாற்றினால் ஒரே மூலத்திலிருந்து பைக்கு ஒரு பைனரி, விண்டோஸுக்கு ஒரு இஎக்ஸ்இ. கூடவே ஹாஷிகார்ப் நிறுவனத்தின் மெம்பர்லிஸ்ட் லைப்ரரி. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் அது நன்றாகக் கையாளும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இந்தத் துறையின் பாதி சூட்சுமம் அதில் இருக்கிறது. 2002-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ஸ்விம் என்ற வழிமுறை அது. ஒவ்வொரு நோடும் ஒரு சுற்றுக்கு யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து 'இருக்கிறாயா' என்று கேட்கும். பதில் வராவிட்டால் உடனே செத்துவிட்டது என்று அறிவிக்காது. வேறு சிலரிடம் 'எனக்காக நீ கேட்டுப் பார்' என்று சொல்லும். அவர்களுக்கும் பதில் வராவிட்டால் சந்தேகப் பட்டியலில் போடும். சந்தேகப்பட்ட நோடு உயிரோடு இருந்தால் 'நான் இருக்கிறேன்' என்று மறுக்க அவகாசம் உண்டு. இந்தத் தகவல்கள் எல்லாம் அதே கேள்வி பதில் செய்திகளின் முதுகில் ஏறிப் பரவும். கூட்டம் எவ்வளவு பெருகினாலும் ஒரு நோடு அனுப்ப வேண்டிய சோதனைச் செய்தி கூடாது. எர்லாங்கின் எல்லோருக்கும் எல்லோரும் முறைக்கும் இதற்கும் இதுதான் பெரிய வேறுபாடு.

இஎஸ்பி32 இந்தக் கூட்டத்தில் உறுப்பினராக வேண்டாம். பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு முழு நோடோடு சின்ன யூடிபி செய்தியில் பேசட்டும்.

சிறுகுறிஞ்சி (பர்கூர்)

நான் இறுதியாண்டு மாணவி. ஒரு சந்தேகம். கருவிகள் நேருக்கு நேர் பேச உதவும் லிப்-பி2பி லைப்ரரி கோ, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. பல தளம் என்றால் அதுதானே இயல்பான தேர்வு? யாரும் அதைப் பற்றிப் பேசவில்லையே?

அதியன் (தருமபுரி)

நல்ல கேள்வி. லிப்-பி2பி ஐபிஎஃப்எஸ் என்ற பரவல் கோப்புத் திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கான கணினிகள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும்போது அதன் அருமை தெரியும். தேடலுக்கு அது பயன்படுத்தும் கடெம்லியா 2002-இல் வந்தது. இரண்டு அடையாள எண்களை எக்ஸ்-ஆர் செய்து வருவதையே தூரமாகக் கொண்டு, மடக்கை அளவிலான தாவல்களில் தேடியதைக் கண்டுபிடிக்கும். ஒரே கிணற்றைச் சுற்றியுள்ள பத்து நோடுக்கு அந்தத் தேடல் தேவையே இல்லை, எம்டிஎன்எஸ் (ஒரே நெட்வொர்க்குக்குள் கூப்பிட்டு முகவரி அறியும் முறை) போதும்.

ஒசூரில் வேலையில் இருக்கும்போது கைபேசியிலிருந்து தோட்டத்து நோடோடு நேராகப் பேச வேண்டும் என்றால் மட்டும் லிப்-பி2பி கைகொடுக்கும். செல் கம்பெனி ஒரே ஐபி4 முகவரிக்குப் பின்னால் பலரை அடுக்கி வைத்திருப்பதால் வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது. அதைத் துளைத்துச் செல்லும் வழியும், முடியாதபோது இடையில் ஒருவர் வழியே போகும் ரிலேயும் அதில் தயாராக இருக்கின்றன.

மலைச்சாரல் (தளி)

உங்கள் பேச்சில் நானும் குறுக்கிடலாமா? எங்களுடையது கிணறு இல்லை, யானை. பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று கூட்டம் இறங்கும்போது ராகி கதிர் முற்றியிருக்கும். பரண் கட்டி இரவு முழுக்கக் காவல் இருக்கிற பழக்கம் இன்றும் இருக்கிறது. ஒரு பரணில் பார்த்தவர் பொத்தானை அழுத்தினால் அடுத்தடுத்த பரண்களிலும் ஊர் எல்லை விளக்குகளிலும் தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் முயற்சி. காட்டோரத்தில் டவர் கிடையாது. லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ) மாட்யூல் வைத்திருக்கிறோம். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி.

நாங்கள் மெஷ்டாஸ்டிக் ஃபர்ம்வேர் போட்டுப் பார்த்தோம். செய்தியைக் கேட்டவர் திரும்பச் சொல்லும் முறை, இயல்பாக மூன்று தாவல், அதிகபட்சம் ஏழு. யாரும் யாருக்கும் தலைவர் இல்லை. எங்கள் வேலைக்குப் பொருந்துகிறது. அதனால் கேட்கிறேன், ராயக்கோட்டைத் தம்பிக்கும் இப்படிப் பரப்பிவிட்டால் போதாதா? எதற்கு இவ்வளவு பெரிய கருவிகள்?

தீர்த்தமலை (அரூர்)

தளி நண்பரின் கேள்விதான் இந்த உரையாடலின் மையம் என்று நினைக்கிறேன். பாலிடெக்னிக்கில் பல ஆண்டு பாடம் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யானைச் செய்தியும் மோட்டார் முறையும் ஒரே சாதி இல்லை. 'வடக்கு மேட்டில் யானை' என்ற செய்தி இரண்டு முறை வந்தாலும், தாமதமாக வந்தாலும், வரிசை மாறி வந்தாலும் கெடுதல் இல்லை. இரண்டு பரண்கள் இரண்டு செய்தி அனுப்பினால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். நெட்வொர்க் இரண்டாகப் பிளந்து அரை மணி நேரம் கழித்துச் சேர்ந்தாலும் இரு பக்கப் பட்டியலையும் ஒன்றாக்கினால் முடிந்தது. இப்படி எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே விடை வரும் தரவு அமைப்புகளை 2011-இல் ஷப்பீரோ, ப்ரெகீசா, பக்கேரோ, ஸவிர்ஸ்கி ஆகிய நால்வரும் ஒழுங்காக வகுத்தார்கள். சிஆர்டிடி என்பது அதன் பெயர். இன்றைக்கு ஆட்டோமெர்ஜ், ஒய்ஜேஎஸ் போன்ற லைப்ரரிகள் இருக்கின்றன. ஆட்டோமெர்ஜின் உள்கரு ரஸ்டில் எழுதப்பட்டது, அதனால் பல தளங்களுக்கும் போகிறது.

'இப்போது ஓட்டும் உரிமை யாருடையது' என்பது அப்படிச் சேர்க்க முடியாத தரவு. பிளவின்போது இந்தப் பக்கம் பெரியப்பா மோட்டாருக்கும் அந்தப் பக்கம் சித்தப்பா மோட்டாருக்கும் உரிமை கொடுத்துவிட்டால், பிறகு இரண்டையும் சேர்த்து என்ன பயன்? தண்ணீர் இறங்கிவிட்டது. பிளவு நேரும்போது ஒருமைப்பாட்டையும் இடைவிடாத சேவையையும் ஒருசேரக் காக்க முடியாது என்று எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்தார். 2002-இல் கில்பர்ட்டும் லிஞ்சும் அதை நிறுவினார்கள்.

ஆகவே தம்பி, மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு தாள் எடுங்கள். உங்கள் அமைப்பில் ஓடும் ஒவ்வொரு தகவலுக்கும் நேராக எழுதுங்கள்: பிளவு நேர்ந்தால் இரு பக்கமும் தொடரலாமா, ஒரு பக்கம் நிற்க வேண்டுமா? தொட்டி மட்டம், மின்னோட்ட அளவு, யூனிட் கணக்கு எல்லாம் தொடரலாம், அவற்றுக்குக் காசிப்பும் (நோடுக்கு நோடு சொல்லிப் பரப்புவது) சிஆர்டிடியும் போதும். ஓட்டும் உரிமைக்குப் பெரும்பான்மை வேண்டும், அதாவது நோடுகள் ஓட்டுப் போட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து முடிவெடுக்கும் ராஃப்ட் மாதிரி ஒரு வழிமுறை. ஒங்காரோவும் ஔஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்டது. ஐந்து பேரில் மூவர் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால்தான் முடிவு எடுக்கும். மற்ற பக்கம் காத்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. நான்கு கான்டாக்டருக்கும் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) கம்பியிலேயே இன்டர்லாக் போடுங்கள். ஒன்று இழுத்திருந்தால் மற்ற மூன்றின் காயிலும் லைன் அறுந்திருக்க வேண்டும். தனித்தனி சர்வீஸ் என்பதால் இடையில் ரிலே வைத்து, மின்னழுத்தம் கலக்காத காண்டாக்ட் வழியாக எடுங்கள். உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனையே வைத்துச் செய்யுங்கள். உயிருக்கும் மோட்டாருக்கும் காவல் கம்பியில் இருக்கட்டும். யாருடைய முறை என்பதை மட்டும் நிரல் பார்க்கட்டும்.

தென்பெண்ணை (ராயக்கோட்டை)

ஐயா, இன்டர்லாக் யோசனை எனக்கு வேலையில் தினமும் பழக்கம். கிணற்றைச் சுற்றிக் கம்பி இழுப்பது கடினமில்லை, செய்துவிடலாம். ஆனால் ராஃப்ட்டில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. ராத்திரி மும்முனை வரும்போது மூன்று கொட்டகையில் வைஃபை செத்திருந்தால், மிச்சம் இருக்கிற ஒன்று பெரும்பான்மை இல்லை என்று சும்மா நிற்கும். செடி வாடும். பக்கத்து மோட்டார் ஓடவே இல்லை, கிணறு நிறையத் தண்ணீர். அப்பாவிடம் இதை எப்படி விளக்குவது?

நெடுமரம் (ஒசூர்)

இங்கே ஐயாவிடமிருந்து நான் வேறுபடுகிறேன். ராஃப்ட் இங்கே தேவையில்லை. அதற்கு இரண்டு காரணம்.

முதலாவது நடைமுறை. ராஃப்ட் தன் ஓட்டையும் பதிவேட்டையும் வட்டில் உறுதியாக எழுதிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். ராஃப்ட்டில் ஓடும் எட்சிடி என்ற தரவுக் கிடங்கை எடுத்துக்கொண்டால் இயல்பான ஹார்ட்பீட் (தலைவர் 'இருக்கிறேன்' என்று சொல்லும் இடைவெளி) 100 மில்லிநொடி, தேர்தல் அவகாசம் 1000 மில்லிநொடி. பையின் எஸ்டி கார்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் இழுக்கும்போது தலைவர் செத்துவிட்டார் என்று நினைத்து மறுபடி மறுபடி தேர்தல் நடத்தும். கரண்ட் திடீர் திடீரென்று போகிற இடத்தில் எஸ்டி கார்டு கெடுவது வேறு.

இரண்டாவதுதான் முக்கியம். உங்கள் பெரியவர்கள் ஏற்கெனவே முறை வைத்திருக்கிறார்கள். திங்கள் காலை யார், மாலை யார் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த அட்டவணையை நான்கு இஎஸ்பி32-யிலும் எழுதி வைத்துவிட்டால், 'இப்போது என் முறையா' என்று யாரையும் கேட்காமல் ஒவ்வொன்றும் தானே சொல்லிவிடும். பேச்சே இல்லாமல் ஒப்பந்தம் இருக்கிறது. ராத்திரி எல்லா வைஃபையும் செத்தாலும் முறைக்காரர் மோட்டார் ஓடும்.

பேச்சு தேவைப்படுவது முறையை மாற்றிக்கொள்ளும்போது மட்டும். பெரியப்பா தன் மாலையைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றால், கொடுப்பவரின் நோடு முதலில் தன் உரிமையை அழித்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகுதான் வாங்குபவருக்கு அனுப்ப வேண்டும். வழியில் செய்தி தொலைந்தால் அந்த நேரம் யாருக்கும் இல்லாமல் சற்றே வீணாகும், ஆனால் இருவருக்கும் ஒருபோதும் போகாது. திரும்பத் திரும்ப அனுப்பினால் சேர்ந்துவிடும். இரண்டு நோடுக்குள் முடிகிற விஷயத்துக்கு ஐந்து நோடைக் கூட்டிப் பெரும்பான்மை எடுக்க வேண்டியதில்லை.

தீர்த்தமலை (அரூர்)

நெடுமரம் சொல்வது சரி. உரிமை ஒவ்வொரு கணத்திலும் ஒரே ஒருவர் கையில் இருக்கிறது, அவராகத்தான் விடமுடியும் என்றால் பெரும்பான்மை வேண்டாம். ராஃப்ட் வேண்டும் என்று நான் சொன்னதை இந்த இடத்துக்கு விட்டுவிடலாம். ஒரே நிபந்தனை: நான்கு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்.

சிறுகுறிஞ்சி (பர்கூர்)

கடிகாரத்தில்தான் ஆபத்து இருக்கிறது, ஐயா. இஎஸ்பி32 கரண்ட் போய் வந்தால் 1970 ஜனவரி 1 என்றுதான் எழும். நெட் கிடைத்து என்டிபி வழியே நேரம் வாங்கும் வரை அட்டவணையைப் பார்க்கவே கூடாது. பேட்டரி வைத்த டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒவ்வொன்றுக்கும் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த மதிப்பு புதியதோ அது வெல்லும் என்ற சிஆர்டிடி வகையைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். 1970-இல் இருக்கிற நோடு எழுதுவதெல்லாம் தோற்றுக்கொண்டே இருக்கும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. மாறாக ஒரு நோடின் கடிகாரம் அடுத்த வருடத்துக்குப் போய்விட்டால் ஒரு வருடத்துக்கு அது எழுதியதை யாராலும் மாற்ற முடியாது. லாம்போர்ட் 1978-இலேயே சொன்ன, நிகழ்வுகளை எண்ணி வரிசைப்படுத்தும் எண்ணிக்கைக் கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் கலந்து 2014-இல் ஹைப்ரிட் லாஜிக்கல் கிளாக் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சின்ன நிரல்தான், இஎஸ்பி32-யில் தாராளமாக ஓடும். அதிலும் எல்லை மீறி முன்னால் ஓடுகிற நேர முத்திரையை ஏற்காமல் தள்ளிவிடும் சோதனை ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

தளி அண்ணாவுக்கும் ஒரு விஷயம். நீங்கள் செய்வதற்கென்றே தனி நிரலாக்கப் பாணி இருக்கிறது, அக்ரிகேட் புரோகிராமிங் என்கிறார்கள். எம்ஐடியில் ஜேக்கப் பீலும் ஜோனதன் பக்ராக்கும் உருவாக்கிய புரோட்டோ மொழியிலிருந்து வளர்ந்தது. இப்போது ஜேவிஎம் என்ற ஜாவா இயந்திரத்துக்குப் புரோட்டலிஸ், ஸ்காலாவில் ஸ்கேஃபை, சி++-இல் எஃப்சிபிபி இருக்கின்றன. அதில் ஒரு நோடுக்கு நிரல் எழுத மாட்டோம். பரப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரு நிரல், அதையே எல்லா நோடும் ஓட்டும்.

உதாரணமாக யானை பார்த்த பரண் தன் மதிப்பைச் சுழியம் என்று வைக்கும். மற்ற ஒவ்வொரு நோடும் 'பக்கத்து நோடுகளின் மதிப்போடு அங்கிருந்து எனக்குள்ள தூரத்தைக் கூட்டு, வருவதில் சிறியதை வைத்துக்கொள்' என்று திரும்பத் திரும்பச் செய்யும். சில சுற்றுகளில் ஒவ்வொரு பரணுக்கும் யானையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தானாக வந்துவிடும். நடுவில் ஒரு நோடு செத்தாலும், புதிதாக ஒன்று நட்டாலும், யாரும் தொடாமலே மதிப்புகள் திருந்திக்கொள்ளும். இதற்கு கிரேடியன்ட் என்று பெயர். குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும் விளக்கு எரிய வேண்டும் என்பது அதன்மேல் ஒரு வரி. எல்லா ஊர்களையும் எழுப்ப வேண்டியதில்லை.

மலைச்சாரல் (தளி)

தங்கச்சி, இது எங்களுக்கு மிகவும் தேவையானது. இப்போது ஒரு பரணில் அழுத்தினால் கேட்கிற எல்லாப் பரணிலும் ஒலிக்கிறது. தூரத்து ஊர்க்காரர்கள் சலித்துப்போய் அணைத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எச்சரிக்கையை நம்பாத நிலை வந்துவிட்டால் அது உயிருக்கு ஆபத்து. யானை நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? பழைய தூரம் எப்போது அழியும்?

சிறுகுறிஞ்சி (பர்கூர்)

சரியான இடத்தைப் பிடித்தீர்கள், அண்ணா. தூரம் குறைவது வேகமாகப் பரவும். மூலம் மறைந்தபின் மதிப்பு ஏறுவது மெதுவாகத்தான் நடக்கும். மிக அருகருகே இருக்கிற இரண்டு நோடுகள் ஒன்றையொன்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். ஆகவே மூலத்துக்கு ஒரு காலாவதி வையுங்கள். பார்த்தவர் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்திப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த எச்சரிக்கையின் எண்ணைக் கொண்ட மதிப்புகள் எல்லா நோடிலும் ஒருசேரக் கழியும். லோராவில் சுற்றுகளை அடிக்கடி ஓட்ட முடியாது, அலைவரிசை தாங்காது. அமைதியான நேரத்தில் பேசாமல் இருந்து, எச்சரிக்கை வந்தபின் மட்டும் சுற்றுகளைத் தொடங்குங்கள். எஃப்சிபிபி சின்னக் கருவிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது, அதைப் பார்க்கலாம். அல்லது இந்த ஒரு கிரேடியன்டை மட்டும் நேராக சி++-இலேயே எழுதிவிடலாம்.

தீர்த்தமலை (அரூர்)

இந்தப் பெண் சொன்ன 'யாரும் தொடாமல் திருந்திக்கொள்வது' என்ற கருத்துக்கு மூலம் டைக்ஸ்ட்ரா 1974-இல் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை. எந்தத் தப்பான நிலையில் தொடங்கினாலும், ஒவ்வொருவரும் பக்கத்தில் உள்ளவரை மட்டும் பார்த்து நடந்தாலும், முழு அமைப்பும் சரியான நிலைக்கு வந்து சேரும் என்று அதில் காட்டினார். கிணற்றுக்கும் இது பொருந்தும். நினைவகம் கெட்டு இரண்டு நோடும் 'என் முறை' என்று சொன்னால், அட்டவணையைப் பார்த்து மீண்டும் சரியாகும் வழி நிரலில் இருக்க வேண்டும். தொடக்க நிலை சரியாக இருக்கும் என்று நம்பி எழுதாதீர்கள்.

அதியன் (தருமபுரி)

கருவிகளின் பக்கம் சில பள்ளங்கள் இருக்கின்றன, தம்பி. மெம்பர்லிஸ்ட் போடுவதாக இருந்தால் முன்னதாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெட்வொர்க் பிளந்தால் இரு பக்கமும் ஒருவரையொருவர் செத்தவராக எழுதிவிடும். பிளவு நீங்கினாலும் மெம்பர்லிஸ்ட் தானாகப் போய்ச் சேராது, நீங்கள் மறுபடி ஜாயின் அழைக்க வேண்டும். அதன்மேல் கட்டிய செர்ஃப் இந்த மறுமுயற்சியைச் செய்யும், இயல்பாக 24 மணி நேரம் வரை. அதற்குமேல் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். கோடையில் ஒரு வாரம் அணைத்து வைத்த நோடு திரும்பி வந்தால் எப்படிச் சேரும் என்பதை நீங்கள் எழுத வேண்டும். எம்டிஎன்எஸ்-ஐ அவ்வப்போது பார்த்து, தெரியாத முகவரி கிடைத்தால் ஜாயின் அழைக்கிற ஒரு சின்ன கோரூட்டீன் போதும்.

மெம்பர்லிஸ்டில் லேன் (LAN, உள்ளூர் நெட்வொர்க்), வேன் (WAN, தூர நெட்வொர்க்) என்று தயார் அமைப்புகள் உண்டு. உங்கள் வைஃபை விட்டு விட்டுப் போவதால் லேன் அமைப்பை எடுக்காதீர்கள். அதில் சோதனை ஒரு நொடிக்கு ஒன்று, பதிலுக்கு அரை நொடி அவகாசம். வேன் அமைப்பில் 5 நொடிக்கு ஒன்று, 3 நொடி அவகாசம். அதுதான் தோட்டத்துக்குச் சரி.

விண்டோஸ் கணினியில் புது வைஃபை பெரும்பாலும் பொது நெட்வொர்க் என்றே பதியும், உள்ளே வருகிற எதையும் ஃபயர்வால் விடாது. அதைத் தனியார் நெட்வொர்க் என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் மல்ட்டிகாஸ்ட் லாக் வாங்காவிட்டால் எம்டிஎன்எஸ் செய்தி செயலிக்கு வந்தே சேராது. ஆண்ட்ராய்டு 6 முதல் டோஸ் இருக்கிறது, திரை அணைந்து கொஞ்ச நேரம் கழித்து நெட்டை நிறுத்திவிடும். ஆகவே கைபேசியைக் கூட்டத்தின் உறுப்பினராக எண்ணாதீர்கள். அது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. ஏதாவது ஒரு நோடைக் கேட்டு நிலையை வாங்கிக்கொள்ளட்டும், அவ்வளவுதான்.

சில ரவுட்டர்களில் கிளையன்ட் ஐசொலேஷன் போட்டு வருகிறது. ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காது. எல்லாம் சரியாக எழுதியும் நோடுகள் சேரவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

நெடுமரம் (ஒசூர்)

சோதனையை மறக்கக் கூடாது. லினக்ஸில் டிசி நெட்எம் என்ற கட்டளையை வைத்துச் செய்தியைத் தொலைக்கலாம், தாமதப்படுத்தலாம், வரிசை மாற்றலாம். சிறுகுறிஞ்சிக்கு மேல்ஸ்ட்ராம் என்ற சோதனைக் கருவி பயன்படும். பரவல் அமைப்புகளைச் சோதிக்கும் ஜெப்சென் குழுவினருடையது. எந்த மொழியில் எழுதிய நோடாக இருந்தாலும் ஜேசான் செய்திகளை உள்ளீட்டில் வாங்கி வெளியீட்டில் கொடுத்தால் போதும், பிளவை உண்டாக்கி விடை சரியா என்று பார்த்துச் சொல்லும். வயலுக்குப் போகாமல் மேசையிலேயே இருபது நோடு ஓட்டலாம்.

கரண்ட் வந்த நொடியையும் சோதியுங்கள். நான்கு இஎஸ்பி32-யும் ஒரே நேரத்தில் எழும், ஒரே நேரத்தில் பேசும், மோதிக்கொள்ளும். ஒவ்வொன்றும் தற்செயலான சிறிய இடைவெளி விட்டுத் தொடங்கட்டும். ராஃப்ட்டிலும் தேர்தல் அவகாசத்தைத் தற்செயலாக வைப்பது இதே காரணத்துக்காகத்தான். மோட்டாருக்கும் நல்லது, டிரான்ஸ்பார்மருக்கும் நல்லது.

தென்பெண்ணை (ராயக்கோட்டை)

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். இன்டர்லாக் கம்பி முதலில். முறை அட்டவணையும் டிஎஸ்3231-உம் நான்கு இஎஸ்பி32-யிலும். முறை மாற்றம் நெடுமரம் அண்ணன் சொன்ன மாதிரி, கொடுப்பவர் முதலில் அழித்துவிட்டு அனுப்புவது. பையிலும் விண்டோஸிலும் கோ, மெம்பர்லிஸ்ட், வேன் அமைப்பு. மட்டமும் யூனிட் கணக்கும் சிஆர்டிடி. எலிக்ஸரை விட்டதில் வருத்தம்தான், ஆனால் விண்டோஸ் கொட்டகையில் ஒரே இஎக்ஸ்இ என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

ஒரு கேள்வி மிச்சம். பெரியப்பா கையால் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும் வழக்கத்தை விடமாட்டார், விடவும் வேண்டியதில்லை. அப்படி அழுத்தினால் நிரலுக்கு எப்படித் தெரியும்?

அதியன் (தருமபுரி)

கட்டளையை நிலையாகப் பதியாதீர்கள், பார்த்ததை மட்டும் பதியுங்கள். மோட்டார் லைனில் ஒரு சிடி காயில் மாட்டி மின்னோட்டத்தை இஎஸ்பி32 படிக்கட்டும். மின்னோட்டம் இருந்தால் ஓடுகிறது, கை அழுத்தியதா நிரல் அழுத்தியதா என்பது வேறு புலம். ஓடும்போது மின்னோட்டம் திடீரென்று இறங்கினால் காற்று வாங்குகிறது என்று பொருள், நிறுத்திவிடலாம். செய்தியில் நோடு எண், நேர முத்திரை, மின்னோட்டம், யார் தொடங்கியது, வடிவ எண் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். புரோட்டோபஃப் (எண்ணிட்ட புலங்களாகச் செய்தியைச் சுருக்கும் வடிவம்) போடுங்கள், ஒருமுறை கொடுத்த புல எண்ணை வேறு எதற்கும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த வருடம் புதுப் புலம் சேர்த்தாலும் பழைய ஃபர்ம்வேர் அதைத் தாண்டிப் படித்துக்கொள்ளும், நான்கு கொட்டகைக்கும் ஒரே நாளில் ஓட வேண்டியதில்லை.

தென்பெண்ணை (ராயக்கோட்டை)

சரி அண்ணா. சிடி காயில் கையில் இருக்கிறது. இந்த ஞாயிறு பெரியப்பா கொட்டகையில் முதலில் மாட்டுகிறேன். பதிவுகளை இங்கேயே போடுகிறேன், சிறுகுறிஞ்சி மேல்ஸ்ட்ராமில் ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொள்ளலாம்.